செபஸ்தியாருக்குக் காவல்

கோயிலைத் திறந்து பூட்டிப் பராமரிக்கும் கோயில்பிள்ளை சூசைமுத்துவுக்கு டெய்சியின் மேல் சந்தேகம் விழுந்தது, அவள் புனித செபஸ்தியார் சிலையின் குதிகாலை நகத்தால் சுரண்டியபோதுதான்.

"என்னத்தா பண்ற?"

"ஒண்ணுமில்ல மாமா. உள்ள என்ன மரம்னு பாத்தேன்."

உள்ளே என்ன மரமாக இருந்தால் இவளுக்கென்ன?

டெய்சி, எதிர்வீட்டு அல்போன்சாவின் மகள். மெட்ராஸில் கலை வரலாறு படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு அகரம் பக்கத்திலுள்ள இந்த ஊருக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து வீட்டில் கால் தரிக்காமல் கோயிலே கதியென்று கிடந்தாள். மகளுக்குப் பக்தி வந்துவிட்டதென்று அல்போன்சாவுக்கு ஒரே பூரிப்பு. பக்தி வந்த பிள்ளை எதற்கு டேப் வைத்துச் சிலையை அளக்கிறது என்றுதான் சூசைமுத்துவுக்குப் புரியவில்லை.

"அது என்ன படிப்புத்தா? படிச்சா என்ன வேலை கெடைக்கும்?"

"ஒரு சிலையப் பாத்தா எந்தக் காலம், எந்த ஊரு வேலைன்னு சொல்லிருவோம் மாமா. இந்தா நிக்கிறாரே, இவருக்கு இருநூறு வயசுக்கு மேல இருக்கும்."

"வெலையும் சொல்லுவியா?"

"இவருக்கெல்லாம் வெலையே போட முடியாது மாமா. இவரு அருமை இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல."

சூசைமுத்து இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பேப்பரைப் பிரித்தால் சிலைத் திருட்டு. இப்போது அதற்குக் காலேஜிலேயே படிப்பு வந்துவிட்டதா?

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருடம்தான் பீடத்து வெண்கல மெழுகுதிரித் தண்டுகள் இரண்டும் மாயமாகியிருந்தன. "இனி ஒரு குண்டூசி காணாமப் போனாலும் சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருங்க" என்று பங்குச்சாமியார் மிக்கேல்ராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடமாக இடுப்பில் தொங்கும் சாவி. அது போய்விட்டால் ஊரில் எவன் மதிப்பான்? பெண்டாட்டி வியாகுலம்மாளே மதிக்க மாட்டாள்.

அதோடு, செபஸ்தியார் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. ஒவ்வொரு வருடமும் கொடியேற்றத்துக்கு முன்னால் தன் கையாலேயே அழகுபடுத்தி நிறுத்துவார். உடம்புக்கு ரோஸ், அம்பு பட்ட இடத்துக்கெல்லாம் ரத்தச் சிவப்பு. அவர் கைராசியில் புனிதர் வருடா வருடம் சற்றுப் பூசினாற்போல ஆகிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் டெய்சி மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"திருநாளுக்குச் சிலையக் கீழ எப்ப மாமா எறக்குவீக?"

"நாளைக்குத்தான். பெயிண்ட் அடிக்கணும்ல."

"நாளைக்கேவா?" அவள் முகம் மாறியது. "மத்தியானம் சாப்பிட எத்தனை மணிக்குப் போவீக?"

வாடி மகளே, வசமாக மாட்டினாய்!

அன்று சூசைமுத்து சாப்பிடப் போகவில்லை. சிலைக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வியாகுலம்மாள் சோற்றையும் கருவாட்டு வெஞ்சனத்தையும் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்து, "செலை என்ன நடந்தா போகப் போகுது?" என்று ஏசிவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்கு டெய்சி வந்தாள். தோளில் ஒரு காலி ஜோல்னாப் பை காற்றாடியது.

"சாப்பிடப் போகலையா மாமா?"

"இன்னைக்கு எனக்கு ஒருசந்தி விரதம்" என்றார் சூசைமுத்து, கருவாட்டு வாசத்துக்கு நடுவில்.

அவளுக்கு ஏமாற்றம் முகத்தில் அப்படியே தெரிந்தது. "மூணு மணி பஸ்ஸுக்கு மெட்ராஸ் கெளம்புறேன் மாமா. பூச்சாடிக்குத் தண்ணி மாத்திட்டு, செத்த நேரம் செபம் பண்ணிட்டுப் போறேன்."

பூச்சாடியோடு பீடத்துக்குப் பின்னாலிருந்த அறைக்குள் போனாள், வந்தாள். முழங்காலிட்டாள். செபஸ்தியாரின் பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்தாள். போய்விட்டாள். இவ்வளவுக்கும் சூசைமுத்து சிலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிலை நின்ற இடத்தில் நின்றது.

"யாருகிட்ட!" என்று மீசையைத் தடவிக்கொண்டு தூக்குவாளியைத் திறந்தார். முதல் கவளத்தை வாயில் போட்டவருக்குச் சட்டென்று உறைத்தது. வரும்போது காற்றாடிய பை, போகும்போது தோளை இழுத்ததே!

பின்னறை அலமாரியில்தானே தங்கமுலாம் பூசிய பூசைப் பாத்திரம் இருக்கிறது! சிலையைக் காட்டி இவரை இங்கே கட்டிப் போட்டுவிட்டு, பாதகத்தி அங்கே கை வைத்துவிட்டாள்.

எச்சில் கையோடு ஓடினார். பஸ் நிறுத்தத்தில் அவளை மறித்து அவர் போட்ட கூச்சலில் பாதி ஊர் கூடிவிட்டது. அந்த வழியாக மொபெட்டில் வந்த சாமியாரும் இறங்கினார்.

"சாமி, பூசைப் பாத்திரத்தத் தூக்கிட்டா! பையத் தொறந்து பாருங்க!"

"எடுத்தது நெசந்தான் சாமி" என்றாள் டெய்சி, தலையைக் குனிந்துகொண்டு.

"அடிப் பாவி மகளே! இதுக்குத்தானா ஒன்ன மெட்ராஸுக்கு அனுப்பிப் படிக்க வச்சேன்!" என்று, மகளை வழியனுப்ப வந்திருந்த அல்போன்சா மாரில் அடித்துக்கொண்டாள்.

சாமியார் பையைத் திறந்தார். பூசைப் பாத்திரம் இல்லை. ரோஸ், சிவப்பு, நீலம், கறுப்பு என்று, சூசைமுத்து பின்னறையில் வாங்கி வைத்திருந்த நாலு எனாமல் பெயிண்ட் டப்பாக்கள் இருந்தன. பிரஷ்ஷைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

"பெயிண்டையா திருடுன? எதுக்கும்மா?"

டெய்சி, காலேஜில் கொடுக்க வேண்டிய தன் ஆய்வு நோட்டை எடுத்து நீட்டினாள். சாமியார் கடைசிப் பக்கத்தை ஊருக்கே கேட்கும்படி படித்தார்.

"சிலைக்கு உள்ள அபாயங்கள். கரையான்: இல்லை. மழைக் கசிவு: இல்லை. திருட்டு: வாய்ப்பே இல்லை, கோயில்பிள்ளை கண் கொட்டாமல் காவல் காக்கிறார்."

சூசைமுத்து நெஞ்சை நிமிர்த்திக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு மிச்சமிருந்த ஒரு வரியையும் படித்தார்:

"பெரிய அபாயம்: மேற்படி கோயில்பிள்ளையேதான், வருடத்துக்கு ஒரு தடவை, கையில் எனாமல் பெயிண்டோடு."