மாமாவின் டாக்டர் பட்டம்

எங்கோ ஒரு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்ததிலிருந்து, போர்வெல் ரிக் அதிபர் சென்னிமலையைத் திருச்செங்கோடே டாக்டர் என்றது. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் அக்கா மகள் சரிதா மட்டும் கண்டுகொள்ளவில்லை. படித்தவள் வாயால் ஒரு பாராட்டு வாங்கிவிட வேண்டுமென்று அவருக்குத் தீராத ஏக்கம்.

அன்று அவளே நோட்டோடு வந்தாள்.

"என்ற ஆராய்ச்சியே உங்கள மாதிரி ஆளுங்களப் பத்தித்தானுங்க மாமா."

சென்னிமலைக்கு உச்சி குளிர்ந்தது. பட்டமளிப்பு நடந்த ஓட்டல், கூடவே பட்டம் வாங்கிய அறுபது பேர் என்று ஒன்று விடாமல் சொன்னார். சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றிப் படமெடுக்கக் கொடுத்தார்.

"ஆராய்ச்சிக்குத் தலைப்பு என்ன சாமி?"

"போலிப் பல்கலைக்கழகங்களுங்க மாமா. எனக்குப் பட்டம் கெடைச்சா, மொத நன்றி உங்களுக்குத்தானுங்க."