இருநூற்றுப் பன்னிரண்டாவது படி

"பையை மட்டும் கையை விட்டு இறக்கிடாதீங்க. போன தடவை மாதிரி வெறுங்கையோட வந்து நின்னீங்கன்னா வாசக்கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

ரயிலேறும்போதே மனைவி இப்படி எச்சரித்து அனுப்பியதால், கடிகாரக்காரர் பையைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டுதான் அந்தப் பெருநகரத்தில் இறங்கினார்.

சொந்த ஊரில் அவருக்குக் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. வருஷத்தில் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுத் தன்னந்தனியாக ஊர் பார்க்கக் கிளம்பிவிடுவார். இந்த வருஷம் சங்கீதச் சுற்றுலா. ஒரே சீட்டு, ஏழு இடங்கள். போகிற இடத்திலெல்லாம் சீட்டில் ஒரு முத்திரை குத்துவார்கள். ஏழு கட்டத்துக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிட்டார்கள். அதில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தாலும் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. அப்படியொரு பிறவி.

முதல் இடம், என்றோ காலமான ஒரு புல்லாங்குழல் மேதையின் வீடு. காலை வேளை, ஈ காக்கை இல்லை. மேதை ஊதிய வெள்ளிக் குழல் மூன்று துண்டாகக் கழற்றப்பட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. கடிகாரக்காரரின் கண்ணோ அடுத்த அறைச் சுவரில் இருந்தது.

"ஏம்ப்பா, அந்தக் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னாடி ஓடுதே, கவனிக்கக் கூடாதா?" என்று காவலாளியைப் பிடித்துக்கொண்டார்.

காவலாளி முணுமுணுத்துக்கொண்டே போய், நாற்காலி போட்டு ஏறி, முள்ளைத் திருப்பிவிட்டு வந்த பிறகுதான் இவருக்கு மனசு ஆறியது. முத்திரையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

இரண்டாவது, பழைய இசைத்தட்டுத் தொழிற்சாலை. ஆள் உயர இசைத்தட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எல்லோரையும் படம் பிடித்தார்கள். "என் மூஞ்சி போட்டோவுக்கு ஆகாதுங்க" என்று இவர் நழுவிவிட்டார். அங்கேயும் கடிகாரம் மூன்று நிமிஷம் முன்னால் ஓடியது. அதையும் சொல்லிவிட்டுத்தான் நழுவினார்.

மூன்றாவது, வானொலி நிலையம். முத்திரை குத்திய பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நிஜமாவே ஏழும் பார்க்கப் போறீங்களா சார்?"

"பின்னே? காசு மரத்துலயா காய்க்குது?"

இவர் வாசலைத் தாண்டவில்லை, அவள் போனை எடுத்துவிட்டாள்.

நான்காவது, கச்சேரி மண்டபம். மேடையில் நின்று கை தட்டினால் கடைசி வரிசைவரை துல்லியமாகக் கேட்குமாம். தட்டிப் பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து திரும்ப ஒரு கைதட்டல் வந்தது. எதிரொலி இல்லை. நீளக் கோட்டும் தொப்பியுமாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

"பையைப் பத்திரமாப் பிடிங்க சார்" என்றாள் வாசலில் முத்திரை குத்திய அம்மாள். "காலையில புல்லாங்குழல்காரர் வீட்டுல அந்த வெள்ளிக் குழலையே எவனோ அடிச்சுட்டுப் போயிட்டானாம்."

கடிகாரக்காரர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அம்மா, அந்தத் தொப்பிக்காரன் என்னையே பார்த்துக்கிட்டிருக்கான்."

"போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"ஐயய்யோ, வேணாம்மா! ஊருக்குத் திரும்புற நேரத்துல எதுக்கு வம்பு?"

ஐந்தாவது, வாத்தியக் கடைத் தெரு. முத்திரை வாங்கிய கையோடு ஒரு மேளக்கடைக்குள் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறினார். பின்வாசலில் தொப்பி நின்றது. ஆறாவது இடம் இசைக்கலைஞர்களின் கல்லறைத் தோட்டம். குனிந்து குனிந்து கல்லறைகளுக்கு நடுவே ஓடினார். ஒரு பிரபலப் பாடகரின் தலைமாட்டில் தொப்பி முளைத்தது.

போன் அடித்தது. "பை பத்திரமா?"

"மடியிலதான் இருக்கு. ஆனா ஒருத்தன் விடாம பின்னாலேயே வர்றான்டி."

"அப்போ பேசாம ரயிலடிக்குப் போங்க!"

"ஒரே ஒரு முத்திரைதான் பாக்கி..."

"உங்க முத்திரையில இடி விழ!"

ஏழாவது இடம் மணிக்கூண்டு. நகரத்துக்கே சுருதி சொல்லும் மணிகளாம். இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். நூறாவது படியில் கீழே காலடிச் சத்தம் கேட்டது. நூற்றைம்பதில் மூச்சிரைப்பே கேட்டது. ஏறிய வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். வேறு வழி வைத்துக் கட்டவில்லை, படுபாவிகள்.

உச்சியில் மணியடிக்கும் அம்மாள் முத்திரை குத்தி முடிக்கவும், தொப்பிக்காரன் கடைசிப் படியில் வந்து விழவும் சரியாக இருந்தது. கோட்டுக்குள் கையை விட்டான். கடிகாரக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

'டிங்' என்றது. கண்ணைத் திறந்தால், எதிரே ஒரு பித்தளை மணி.

"ஒன்பது வருஷம் சார்!" தொப்பிக்காரன் மூச்சு வாங்கினான். "நான் சுற்றுலா ஆபீஸ். இந்தச் சீட்டை அச்சடிச்சு ஒன்பது வருஷமாச்சு. எல்லாரும் கீழேயே நின்னு அண்ணாந்து பார்த்துட்டுப் போயிடுவாங்க. ஏழும் முடிச்ச முதல் ஆள் நீங்கதான்! மூணாவது முத்திரையிலேயே எங்களுக்குப் போன் வந்துடும். ஒருத்தர் கூடவே வந்து கண்ணால பார்க்கணும், முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. அதுதான் விதி. என் முட்டி போச்சு!"

கடிகாரக்காரருக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

"ரொம்ப சந்தோஷம். மணியைக் குடுங்க, கையிலேயே வச்சுக்கறேன். ரயிலுக்கு நேரமாச்சு."

"முதல்ல ஒரு போட்டோ சார்! பத்திரிகைக்கு!"

"இந்தக் கனத்தைக் கையில தூக்கிக்கிட்டு அத்தனை படி எப்படி இறங்குவீங்க? பையைத் திறந்து பிடிங்க, நானே வச்சுத் தர்றேன்" என்றாள் மணியடிக்கும் அம்மாள். இவர் திறக்கவில்லை. கயிறு இழுத்து உரமேறிய கை. ஒரே இழுப்பில் ஜிப்பைத் திறந்துவிட்டாள்.

"இங்கே பாருங்க சார்... சிரிங்க!"

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது: ஒரு கையில் பரிசு மணி, மறுகையில் வாய் பிளந்த பை, பைக்குள்ளே மடித்த சால்வைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் மூன்று துண்டு வெள்ளிப் புல்லாங்குழல்.