மெட்டி அதிராத நாள்

கல்யாணத்தன்று குமரவேல் என் காலில் போட்டுவிட்ட மெட்டி, கரு தரிக்க ஏற்ற நேரம் வந்தால் அதிரும். அதே நொடியில் அவருடைய போனும் அதிரும். அவர் வேலை பார்க்கும் பேங்க் மேனேஜருக்கும் தகவல் போய்விடும். பெர்மிஷன் கிடைத்து அவர் ஓடி வருவார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துவேன். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான். குழந்தைதான் இன்னும் வரவில்லை.

இன்று மெட்டி அதிரவில்லை. அவர் மட்டும் வந்து நின்றார். பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தப் போனவள் பாதியில் நின்றேன்.

"மெட்டி ஒண்ணும் சொல்லலையே. உங்க போன்ல வந்துச்சா?"

"இல்ல."

"மேனேஜருக்கு?"

"அவருக்கும் வரல. லீவு சொல்லிட்டு வந்தேன்."

"அப்ப இது ரிப்பேர்தான். சர்வீஸுக்குக் குடுத்துடலாமா?"

"அது நல்லாத்தான் இருக்கு. உன்னைப் பாக்கணும்போல இருந்துச்சு, வந்துட்டேன்."

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அந்தக் கையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஜன்னல் திறந்தே இருக்கட்டும். சும்மா பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து என் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.