நூலளவும் அசையாதவன்

மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை போட்டார்கள். குடைந்தெடுத்த பாறை அதுவரை சுமந்த பாரமெல்லாம் பக்கத்துச் சுவரின் தலையில் வந்து விழுந்தது. சுவர் சிதறிவிடாமலிருக்கக் கம்பிவலை விரித்து, வலையைப் பிடித்துக்கொள்ள இரண்டு இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் இறக்கினார்கள். ஒருவன் தடியன், இன்னொருவன் ஒல்லியன்.

சுவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தது. அவ்வப்போது 'டப்'பென்று ஒரு சில்லு தெறிக்கும். தெறிக்கும்போதெல்லாம் ஒல்லியன் கொஞ்சம் நழுவி, மறுபடி இறுகப் பிடித்துக்கொள்வான்.

"வெட்கமா இல்லையாடா? நான் வந்த நாள்லேர்ந்து ஒரு நூல்கூட அசையல," என்றான் தடியன்.

"நழுவுறேன்தான் அண்ணே. ஆனா விட மாட்டேன்."

ஒரு மதியம் வேலையாட்கள் இருவர் ஒல்லியனுக்குக் கீழே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சுவர் வெடித்தது. தடியன் பக்கம் படீரென்று ஏதோ முறிய, வலையிலிருந்த கல்லெல்லாம் ஒல்லியன்மேல் சாய்ந்தது. அவன் ஒரு சாண் இழுபட்டான். பாறையில் உரசி உடம்பு கொதித்தது. உள்ளே மிச்சமிருந்தது நுனி மட்டும்தான். அந்த நுனியை வைத்துக்கொண்டு, "விட மாட்டேன், விட மாட்டேன்" என்று தொங்கினான். ஆட்கள் சோற்றைப் போட்டுவிட்டு ஓடித் தப்பினார்கள்.

புழுதி அடங்கியதும் ஒல்லியன் தடியனைத் தேடினான். பாதி உடம்பு பாறைக்குள் இருந்தது. மீதி, தலையோடு, சிந்திய சோற்றுக்கு நடுவே கிடந்தது.

"அண்ணே?"

"பாத்தியாடா," என்றது தலை. "கடைசிவரைக்கும் ஒரு நூல்கூட அசையல."