யோகாவுக்குப் புதுசு

"யோகா செய்யப் போறது யாரு, நீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எங்க கடைப் பிள்ளைக. எல்லாரும் யோகாவுக்குப் புதுசு. பரிசா குடுக்கணும்," என்றாள் மாரிக்கனி.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த விளையாட்டுச் சாமான் கடை. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அங்கே ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், சேலைப் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர்.

அனுப்பியது முதலாளி ராம்குமார்.

அவர் யோகா கற்கத் தொடங்கி கொஞ்ச நாள்தான் ஆகிறது. தொப்பை வற்றியிருந்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அது எல்லாருக்கும் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

முந்தாநாள், சேலைப் பிரிவில் வேலை செய்கிற பாண்டிசெல்வி மயங்கி விழுந்தாள்.

கல்யாண முகூர்த்த சீசன். காலையில் வந்து நின்றவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நகர முடியவில்லை. பட்டுச்சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள், அந்தச் சேலை மேலேயே சரிந்தாள்.

மாரிக்கனிதான் தூக்கினாள். சேலை எடுக்க வருகிறவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

ராம்குமார் வந்து பார்த்தார். "இந்த வயசுல இம்புட்டு பலவீனமா? எல்லாரும் யோகா செய்யணும். தேவையானத நானே வாங்கித் தாரேன்," என்றார்.

பிறகு, "கஸ்டமர் நிக்காங்க. அந்த நாற்காலிய விடச் சொல்லுங்க," என்றார்.

இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அதைத்தான் மாரிக்கனியால் பொறுக்க முடியவில்லை.

கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறது. அப்போது இவர்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனதும் அவை மொட்டைமாடிக்குப் போய்விட்டன. கேட்டால், நடக்க இடைஞ்சல் என்றார்கள்.

கடைக்காரர் ஒவ்வொரு பாயாக உருட்டி விரித்தார். ஊதா, கரும்பச்சை, நீலம்.

"புதுசுன்னா கொஞ்சம் மொத்தமா எடுங்க, முட்டி வலிக்காது. காலையில செய்வாகளா, சாயங்காலமா?"

சாதாரணமாகத்தான் கேட்டார்.

மாரிக்கனி தன் கடைப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாள். கான்சாபுரத்திலிருந்து வருகிற பிள்ளை விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறுகிறாள். கடை அடைத்து வீடு சேரும்போது ஊர் அடங்கிவிடுகிறது. அவள் இந்தப் பாயை எப்போது விரிப்பாள்? விரித்தால் அதிலேயே படுத்துத் தூங்கிவிடுவாள்.

"நாள் பூரா நிக்காளுக அண்ணே. ஒருத்திக்குக் கால் நரம்பு அம்புட்டும் சுருட்டிக்கிட்டுக் கெடக்கு. இதுல எங்க போய் பாய விரிக்க?"

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்தில் பந்து பார்த்துக்கொண்டிருந்த ஆள் திரும்பினார்.

கடைக்காரர் அதை வியாபாரமாகவே எடுத்துக்கொண்டார்.

"அப்ப அவங்களுக்கு இது சரிப்படாது. நாற்காலி யோகான்னு ஒண்ணு இருக்கு. கால் வலிக்காரங்க அதத்தான் செய்வாங்க."

போனில் ஒரு படத்தைக் காட்டினார். கைப்பிடி இல்லாத நாற்காலியில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தாள்.

"இதுவும் யோகாதானா?"

"இதுவும் யோகாதான்."

மாரிக்கனி அந்தப் படத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள்.

அவரிடம் தண்ணீர் பாட்டில்கள் மட்டும் வாங்கினாள். மற்றதை நாலு கடை தள்ளி, பிளாஸ்டிக் சாமான் விற்கிற இடத்தில் வாங்கினாள்.

மறுநாள் காலை சாமான் வண்டி ஜவுளிக்கடை வாசலுக்கு வந்தபோது, ராம்குமார் வெள்ளை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றார். படம் எடுக்க ஆள் சொல்லியிருந்தார். கடையின் பேஸ்புக் பக்கத்தில் போடுவதற்கு.

"மேட் எங்க? நாற்காலியா வந்து இறங்குது?"

"இது நாற்காலி யோகா சார். இவுகளுக்கு இதுதான் சரிப்படுமாம்," என்று படத்தைக் காட்டினாள்.

ராம்குமார் படத்தைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். கேமராக்காரர் பக்கத்திலேயே நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மாடியில் ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் ஒரு நாற்காலி போட்டார்கள். பெண்கள் உட்கார்ந்தார்கள். சிலர் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார்கள். பாண்டிசெல்வி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை மெல்ல மடக்கி நீட்டினாள்.

எல்லாரும் கைகளை மேலே தூக்கினார்கள். நடுவில் ராம்குமார் கும்பிட்டபடி நின்றார்.

படம் எடுத்தவர் போதும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

"சரிம்மா, எந்திரிங்க. கடை தெறக்கணும்."

பாண்டிசெல்வி பாதி எழுந்தாள்.

"ஏட்டி, இரு," என்றாள் மாரிக்கனி. அவளும் ஒரு நாற்காலியில்தான் இருந்தாள்.

பிறகு முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்:

"கை வேலைதான் சார் முடிஞ்சிருக்கு. இனிமேதான் மூச்சுப் பயிற்சி. அது சாயங்காலம் வரைக்கும் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

கீழே ஷட்டர் ஏறியது. ஒரு கல்யாண வீட்டார் பேசிக்கொண்டே படியேறி வந்து, மேஜைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"வாங்கம்மா, என்ன கலர்ல எடுக்கட்டும்?" என்று பாண்டிசெல்வி உட்கார்ந்தபடியே கேட்டாள். அவர்கள் அரக்கு என்றார்கள்.

அந்த மாடியில் நின்றுகொண்டிருந்தது ராம்குமார் ஒருவர்தான்.