கறுத்த கொப்புளம்

"அங்கேயே நில்லுங்க நர்ஸம்மா. உள்ள அம்மா வந்திருக்கா. ஊசி, மருந்து எதுவும் இந்த வாசப்படி தாண்டக் கூடாது."

பேராச்சி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே வேப்பிலைக் கொத்து. பம்பாய்த் தாராவியில் அந்தச் சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். 1964-லும் அம்மை என்றால் அவர்களுக்கு முத்தாரம்மன்தான், டாக்டர் இல்லை.

நர்ஸ் நாகலக்ஷ்மி மாட்டுங்காவிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தாள். வந்த காரியம் முடியாமல் திரும்புகிற ரகம் இல்லை அவள்.

உள்ளே படுத்திருந்தவன் பேராச்சியின் ஒரே மகன் இசக்கிப்பாண்டி. தோல் பதனிடும் இடத்தில் வேலை. முந்தின நாள் அங்கே வந்த டாக்டர் அவன் கையிலிருந்த கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, உடனே ஊசி போட்டாக வேண்டும், கிளினிக்குக்கு வா என்று சொல்லியிருந்தார். அவன் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். காய்ச்சல் ஏறியதும் அக்கம்பக்கத்தார் அம்மை என்று தீர்மானித்து வேப்பிலை கட்டிவிட்டார்கள். அவன் வராததால்தான் டாக்டர் மருந்தோடு நாகலக்ஷ்மியை அனுப்பியிருந்தார்.

"இது அம்மை இல்லை. மாட்டுக்கு வருமே அடைப்பான், அது. இன்னிக்கே ஊசி போடலைன்னா உங்க பிள்ளை பிழைக்கிறது கஷ்டம்," என்றாள்.

சந்தே கூடிவிட்டது. முன்னால் வந்தவன் பக்கத்து வீட்டு வெயிலுமுத்து. போன வருஷம் அவன் மகளுக்கு அம்மை கண்டபோது, யார் பேச்சையோ கேட்டு ஒரு கம்பவுண்டரைக் கூட்டிவந்து ஊசி போட்டான். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டாள். அம்மா கோபித்துக்கொண்டாள் என்று சந்து முடிவு கட்டியது. வேப்பிலை கட்டின வீட்டுக்குள் ஊசி நுழையக் கூடாது என்பது அன்றிலிருந்து கட்டுப்பாடு.

"லப்டா வேண்டாம் நர்ஸம்மா, வீண் வம்பு. எம்பிள்ளை போனது போதும். இங்க ஊசி ஏறிச்சின்னா சந்துல ஒரு பிள்ளை மிஞ்சாது," என்றான் அவன்.

படுத்திருந்த இசக்கிப்பாண்டியே வேண்டாம் என்று முனகினான். நாகலக்ஷ்மிக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அதை விழுங்கிக்கொண்டு பேராச்சியிடம் மட்டும் பேசினாள். ஏனென்றால் எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில் திருவிழாவில், கொடைக்குக் கொடை, முத்தாரம்மன் இறங்குவது அவள் மேல்தான்.

"அந்தக் குழந்தைக்கு வந்தது நிஜமாவே அம்மை. அந்தக் கிருமிக்கு வைரஸ்னு பேர். நம்ம உடம்போட அணுவுக்குள்ளேயே புகுந்துண்டு பெருகும். இந்த ஊசி அதை ஒண்ணும் பண்ணாது. வர்றதுக்கு முன்னாடியே அம்மை குத்திக்கிறது ஒண்ணுதான் வழி. ஊசி அவளைக் கொல்லலை, அதால காப்பாத்த முடியலை, அவ்வளவுதான். இவருக்கு வந்திருக்கிறது பாக்டீரியா. ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாது, ஆனா இது வேற இனம். மாட்டுத் தோல்லேருந்து கையில ஏறியிருக்கு. பென்சிலின் போட்டா அது செத்துடும்."

"ரெண்டும் கண்ணுக்குத் தெரியாதுங்கீய. எது எதுன்னு எப்படிக் கண்டீய?"

"அம்மைன்னா முகமெல்லாம் போட்டிருக்கணும். இது ஒண்ணே ஒண்ணு. நடுவுல கறுத்திருக்கு, தொட்டா வலிக்காது. நீங்களே பாருங்கோ."

பேராச்சி உள்ளே போனாள். எத்தனையோ அம்மைக்கு வேப்பிலை வீசிய கை அது. கொப்புளத்தின் மேல் இலையை வைத்து மெதுவாக அழுத்தினாள். மகன் முகம் சுளிக்கவில்லை. வீக்கம் மட்டும் தோள்வரை ஏறியிருந்தது.

அவள் திரும்பி வருவதற்குள் வெயிலுமுத்துவும் நாலைந்து பேரும் வாசலை மறித்துவிட்டார்கள். பெற்றவள் மனசு இளகத்தான் செய்யும், அதற்காக அம்மாவை மீறிவிட முடியுமா என்று சத்தம் போட்டார்கள்.

பேராச்சி கண்ணை மூடினாள். சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு கொண்டை அவிழ்ந்து விழுந்தது. உடம்பு குலுங்கியது. குரல் அவளுடையதாகவே இல்லை.

"யாருல என்னைக் கேக்காம வேப்பிலை கட்டினது? நான் இவன் மேல வரல. வந்திருக்கிறது வேற. வழிய விடுங்கல, அவ குத்தட்டும்."

சந்து மொத்தமும் விழுந்து கும்பிட்டது. வெயிலுமுத்துவே வேப்பிலையை அவிழ்த்தான். இசக்கிப்பாண்டி ஊசிக்குத் தானே திரும்பிப் படுத்தான். கிருமியைத் தவிர வேறெதையும் நம்பாத நாகலக்ஷ்மிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊசியைப் போட்டு முடித்ததும் பேராச்சியைப் பார்த்து அவளும் ஒரு கும்பிடு போட்டாள்.

தினமும் வந்து ஊசி போட்டாள். ஏழாம் நாள் வீக்கம் வடிந்து, இசக்கிப்பாண்டி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அன்றைக்குச் சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மை குத்தினாள். சின்ன மகனைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றவன் வெயிலுமுத்து.

கிளம்பும்போது நாகலக்ஷ்மி பேராச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மனசு நிறைந்திருந்தது. "மருந்து டாக்டரோடது, ஊசி என்னோடது. ஆனா உங்க பிள்ளையைக் காப்பாத்தினது உங்க அம்மன்தான். வர்ற கொடைக்கு நானும் வரணும்," என்றாள்.

"கண்டிப்பா வாங்க. ஆனா நான் ஆட மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கிடச் சொல்லிட்டேன்."

"ஏன்?"

பேராச்சி உள்ளே இருந்த மகனைப் பார்த்தாள். கண் கலங்கியது. யார் காதிலும் விழாமல் சொன்னாள்:

"முப்பது வருசமா அவ வந்துதான் ஆடினேன், தாயி. அன்னைக்கு எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தேன், அவ வரல. நானேதான் ஆடினேன்."