தோளில் இருந்த மயில்

கருத்தம்மாள் வந்து அமர்ந்த நேரத்திலிருந்து சுந்தராம்பாளின் இடது தோளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்தத் தோளில், பட்டுச் சேலையின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு, பச்சைக்கல் பதித்த மயில் புரோச் ஒன்று இருந்தது. கருத்தம்மாளின் நூல் சேலையைப் பிடித்திருந்ததோ துருவேறிய ஊக்கு.

'கொள்ளிக் கண்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள் சுந்தராம்பாள். பலகாரத் தட்டை நீட்டுகிற சாக்கில் மறுபக்கம் திரும்பி நின்றாள். இடுப்பில் பீரோச் சாவி இருக்கிறதா என்றும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவள் மகளைப் பெண் பார்க்க நரிக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பெத்தம்மாள். கூட வந்த கருத்தம்மாளை அக்காள் என்று மட்டும் சொன்னார்கள். அந்தச் சேலையைப் பார்த்த பிறகு, அதற்கு மேல் விசாரிக்கச் சுந்தராம்பாளுக்குத் தோன்றவில்லை.

பெத்தம்மாள் சீர் செனத்தி பற்றி வாயே திறக்கவில்லை. அவளுக்கு வேண்டியது பூர்வீகம். நேற்றுத் தலையெடுத்த வீட்டில் சம்பந்தம் வைப்பதில்லை என்று தரகரிடம் முன்னமே சொல்லியனுப்பியிருந்தாள்.

ஆகவே சுந்தராம்பாள் வெல்வெட் துணியை விரித்தாள். அன்னம், பிறை, வீணை, கொடி என்று பதினேழு புரோச்சுகள், எல்லாமே பழையவை. கொழும்பில் பாட்டனார் வாங்கியது, பினாங்கிலிருந்து சின்னத் தாத்தா கொண்டுவந்தது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லி வந்தாள்.

உண்மையில் அவையெல்லாம் உருக்குவதற்காக உள்ளூர் நகை ஆசாரியின் பட்டறைக்கு வந்தவை. கேட்டு வாங்கிச் சேர்த்திருந்தாள். விற்றவர் பெயரை ஆசாரி சொல்லமாட்டார். அது அவர் தொழில் நாணயம். எனவே ஒவ்வொரு புரோச்சுக்கும் ஒரு முன்னோரை அவளே நியமித்திருந்தாள்.

"தோள்ல குத்தியிருக்கிற மயிலு?" என்று கேட்டாள் பெத்தம்மாள்.

"அதுவா மதினி? எங்க மாமனாரு ரங்கூன்ல கடை வச்சிருந்தாக. எங்க அத்தைக்கு அங்க செஞ்சு போட்டது."

அந்த மாமனார் தலைச்சுமையாகப் புளி விற்றவர். மதுரைக்கு அப்பால் ஒரு கல் தூரம் போனதில்லை.

பெத்தம்மாள் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. எங்க அக்காவும் ரங்கூன்ல முப்பது வருசம் இருந்தவுகதான். அகதியா வந்து மூணு வருசமாச்சு. யக்கா, இவுக மாமனார உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

சுந்தராம்பாளின் கை தோளில் இருந்த மயிலை மூடிக்கொண்டது.

கருத்தம்மாள் எழுந்து வந்து கையை நீட்டினாள். கழற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மயில் எப்போதும் நழுவுகிறது என்று அதன் பின்னால் சுந்தராம்பாள் ஒரு ஊக்கையும் சேர்த்துக் குத்தியிருந்தாள். அந்த ஊக்கு இப்போது எல்லார் முன்னிலையிலும் வெல்வெட்டின் மேல் விழுந்தது.

கருத்தம்மாள் மயிலை மறுபடியும் அவள் தோளில் வைத்தாள். விரல்கள் தாமாகவே தோகையைப் பற்றி அரைச்சுற்றுத் திருப்பின. உள்ளே கொக்கி மாட்டிய சத்தம் கேட்டது. மயில் இம்மியும் அசையவில்லை.

அதில் அப்படி ஒரு பூட்டு உண்டு என்பது சுந்தராம்பாளுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் பூட்டை அறிந்தவள் யாராக இருக்க முடியும் என்பதும் அக்கணமே தெரிந்தது. அவள் தலை குனிந்தது. உடையவளைப் பார்த்தா கொள்ளிக் கண் என்றோம்? கருத்தம்மாள் ஒரு சொல் சொன்னால் போதும், மாமனாரும் போவார், மகளின் கல்யாணமும் போகும்.

"தெரியுமாக்கா?"

"தெரியாம என்ன. மொகல் தெருவுல கடை. நல்ல மனுசரு."

"அப்பப் பொண்ணுக்குப் பூ வச்சிருவோம்" என்றாள் பெத்தம்மாள்.

கைகழுவப் புழக்கடைக்குப் போன கருத்தம்மாளின் பின்னாலேயே சுந்தராம்பாள் போனாள். தோகையைத் திருப்பி மயிலைக் கழற்றி நீட்டினாள். விற்றது யாரென்று தனக்குத் தெரியாது என்றும், பொருள் உடையவளிடமே இருக்கட்டும் என்றும், தலை நிமிராமலே சொன்னாள்.

"சபையில என்னைய மானத்தோட நிறுத்திட்டீக மதினி. இந்தப் பெரிய மனசு எனக்கு வராது."

கருத்தம்மாள் சுட்டாற்போல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பிறகு மெல்லச் சொன்னாள். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், பக்கத்து வீட்டு முத்துலட்சுமி புருஷனோடும் கைக்குழந்தையோடும் நடந்தே ஊருக்குக் கிளம்பினாளாம். வழியில் பறிபோய்விடும் என்று பயந்து, பூட்டுகிற விதத்தையும் காட்டி, மயிலை இவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாளாம்.

"சண்டை ஓஞ்சப்பெறகு திரும்பி வந்தா. புருசனும் இல்ல, பிள்ளையும் இல்ல. ஒத்தையா வாசல்ல நின்னு, 'என் மயிலு இருக்கா யக்கா'ன்னு கேட்டா. களவு போயிருச்சுன்னு சொல்லிட்டேன்."

சுந்தராம்பாள் நீட்டிய கையோடு நின்றாள்.

"ஒரு நாளும் என்னால அதக் குத்திக்கிட முடியல. கப்பலேறும்போது சோதனையில தாலிச் சரடக்கூட உருவிக்கிட்டாக. கொண்டைக்குள்ள ஒளிச்ச இது மட்டும் கூடவே வந்துச்சு. நரிக்குடியில வித்தா தங்கச்சிக்குத் தெரியும்னு, பஸ்ஸேறி இங்க வந்துதான் வித்தேன்."

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பூ வைக்கும் ஆரவாரம் கேட்ட பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"பெரிய மனசுன்னு சொல்லாதீக மதினி. ஒங்க பொய்ய நான் ஒடச்சிருந்தா, அப்ப மயிலு யாருதுன்னு எந்தங்கச்சி, பூட்டத் தெரிஞ்ச என்னையில்ல கேட்டிருப்பா?"